டேஸ் கான் விளையாட்டின் மீதான விமர்சனங்கள் நியாயமானவையா? வாங்கலாமா?

இரவுவிளக்கு (யாங்கோன்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பெண்ட் ஸ்டுடியோ உருவாக்கி 2019 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 4-க்கு வெளிவந்த டேஸ் கான் என்ற, தொற்றுநோயால் சீரழிந்த உலகில் உயிர்பிழைக்கப் போராடும் விளையாட்டின் கணினிப் பதிப்பை வாங்குவதா, வேண்டாமா என்று என் தம்பியும் நானும் வெகுநாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். விமர்சனங்களைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுத்துத் தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு நூற்றுக்கு 71 மதிப்பெண்ணும், 2021 மே மாதம் வந்த கணினிப் பதிப்புக்கு 76 மதிப்பெண்ணும் கிடைத்திருக்கின்றன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறது, கதை இழுத்துக்கொண்டே போகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதே விளையாட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்களும் குறைவில்லை.

டெக்லேண்ட் நிறுவனத்தின் ஜாம்பி விளையாட்டான டையிங் லைட்டின் முதல் பாகத்தை நாங்கள் இருவரும் மிகவும் விரும்பி விளையாடினோம். அந்த அளவுகோலில்தான் இதையும் பார்க்கிறோம். இது 70 ஜிபி இடம் கேட்கிறது. மின்சாரம் முறைவைத்து வரும் எங்கள் பகுதியில் அத்தனை பெரிய கோப்பை இறக்கி முடிப்பது எளிய காரியம் அல்ல. ஆகவே, கடைசிவரை விளையாடி முடித்தவர்கள் தங்கள் கருத்தைச் சற்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும். கதையின் முடிவை மட்டும் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

நெடுவழி (பெகு) எழுதியது:

விமர்சகர்கள் சுட்டிய குறைகளில் பெரும்பாலானவை உண்மை. ஆனால் அக்குறைகளுக்கு அவர்கள் காட்டிய காரணத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த விளையாட்டு சலிப்பதற்குக் காரணம் வேலைகள் மிகுதியாக இருப்பது அன்று. வேறெந்த விளையாட்டிலும் காணக் கிடைக்காத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பல மணிநேரம் நம் கண்ணில் முழுமையாகக் காட்டாமல் வைத்திருப்பதால்தான் சலிக்கிறது.

நான் சொல்வது ஃப்ரீக்கர்களின் பெருங்கூட்டத்தை. இவர்கள் செத்து எழுந்த பிணங்கள் அல்லர். நோய் தொற்றிய உயிருள்ள மனிதர்கள். எனவே உண்கிறார்கள், நீர் அருந்துகிறார்கள், உறங்குகிறார்கள். பகலில் குகைக்குள் அடைந்து கிடக்கும் ஒரு கூட்டம், இருட்டியதும் வெளியே வந்து, பிணங்களைக் குவித்துப் புதைத்த குழியை நோக்கிப் போகும். பிறகு நீர்நிலைக்குப் போகும். அவர்களுக்கென்று ஓர் அன்றாட வாழ்க்கை இருக்கிறது. பழைய மர ஆலையில் இருக்கும் கூட்டத்தில் ஏறக்குறைய ஐந்நூறு பேர். அவர்கள் மொத்தமாகத் திரும்பி ஓடிவரும்போது, வேலிக்கு மேலாகவும் மரக்கட்டைகளுக்கு இடையிலும் வெள்ளம் புகுவதைப் போலப் புகுந்து வருவார்கள். குறுகலான வழிகள் எங்கே இருக்கின்றன, வெடிக்கக்கூடிய பொருள்கள் எங்கே நிற்கின்றன, எந்தப் பக்கம் ஓடினால் மூச்சு வாங்க இடம் கிடைக்கும் என்று முன்கூட்டியே நடந்து பார்த்துத் திட்டமிட்டவர்தான் அங்கே பிழைக்க முடியும். அந்த ஒரு மோதலுக்காகவே இந்த விளையாட்டு நினைவில் நிற்கும்.

ஆனால் கதை நம்மை அந்த ஆலைக்கு அழைத்துப் போவதற்கு வெகுநேரம் ஆகிறது. அதற்கு முன்பு இரவில் எங்கேனும் ஒரு கூட்டத்தை எதிர்கொள்ள நேர்ந்தாலும், நம்மிடம் போதிய தோட்டாவும் இருக்காது, ஓடுவதற்குத் தெம்பும் இருக்காது. தப்பி ஓடுவது ஒன்றே வழி. இடைப்பட்ட நேரத்தை நிரப்புவதற்காக வைக்கப்பட்டவைதான் ஃப்ரீக்கர் கூடுகளை எரிப்பதும், கொள்ளையர் முகாம்களைத் துடைத்தெடுப்பதும். கூட்டை எரிக்கப் பெட்ரோல் குண்டு வேண்டும். எறிந்ததும் உள்ளிருப்பவர்கள் வெளியே பாய்வார்கள். அவர்களைக் கொன்றுவிட்டு அடுத்த கூட்டுக்குப் போக வேண்டும். எரித்தால்தான் அவ்வழியே விரைவுப் பயணம் (வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து நேரே அங்கே போய்ச் சேர்வது) செய்ய முடியும் என்பதால், ஒதுக்கிவிட்டும் போக முடியாது. முதலிரண்டு கூடுகளுக்குப் பிறகு அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

இதற்கு விலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நீரோ என்ற அரசு அமைப்பு கைவிட்டுப்போன சோதனைச் சாவடிகள் பல ஆங்காங்கே இருக்கின்றன. உள்ளே இருக்கும் மருந்தூசியை எடுத்தால் நம் உடல்வலிமையோ ஓடும் திறனோ கூடும். ஆனால் கதவைத் திறக்க மின்சாரம் வேண்டும். அதற்கு ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் தேடி ஊற்ற வேண்டும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் வளாகத்திலுள்ள ஒலிபெருக்கிகள் அலறத் தொடங்கி, சுற்றுவட்டாரத்து ஃப்ரீக்கர்களை எல்லாம் வரவழைத்துவிடும். ஆகையால் கூரைமேலும் கம்பத்திலும் இருக்கும் ஒலிபெருக்கிகளை ஒவ்வொன்றாகத் தேடி, இணைப்பைத் துண்டித்த பிறகே ஜெனரேட்டரைத் தொட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் போதும், அத்தனை உழைப்பும் வீண். தெருவெங்கும் ஜெனரேட்டர் ஓடும் இரவுகளைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பதற்றம் சட்டென்று புரியும். மற்ற வேலைகளையும் இதே அக்கறையோடு அமைத்திருந்தால், விமர்சகர்களுக்குச் சொல்லக் குறையே இருந்திருக்காது.

டையிங் லைட்டோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். ஹரான் நகரத்தின் இரவு எத்தனை கொடியது என்பதை அந்த விளையாட்டு தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. இரவில் வெளியே போகிறவருக்கு இரட்டிப்புப் புள்ளிகள் தந்து, போவதா, விடியும்வரை காத்திருப்பதா என்று ஒவ்வொரு நாளும் நம்மையே முடிவெடுக்க வைக்கிறது. டேஸ் கான் தன் தலைசிறந்த பகுதியை ஒளித்துவைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள் என்று கேட்கிறது. அதுதான் வேறுபாடு.

கதையைப் பற்றி இன்னொரு வருத்தமும் உண்டு. வழியில் மீட்கப்படும் மக்களை எந்த முகாமுக்கு அனுப்புவது என்று நம்மைக் கேட்கிறார்கள். டக்கர் என்ற பெண்மணி நடத்தும் ஹாட் ஸ்பிரிங்ஸ் முகாமில் மக்களைக் கசக்கிப் பிழிகிறார்கள் என்று தெரிந்தும் அங்கே அனுப்பலாம். கோப்லேண்ட் என்பவர் நடத்தும் முகாமுக்கும் அனுப்பலாம். ஆனால் அனுப்பிய பிறகு கிடைப்பது நம்பிக்கைப் புள்ளிகளும் செலவுத்தொகையும் மட்டுமே. லிசா என்ற சிறுமியின் கதையில் மட்டும் அந்த முடிவின் விளைவை நேருக்கு நேர் காட்டுகிறார்கள். அது நெஞ்சைப் பிசைகிறது. மற்ற மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சாலைப்பயணி (மோல்மேன்) எழுதியது:

நெடுவழி அண்ணன் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் விளையாட்டு முழுக்க நாம் ஓட்டும் மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் இந்த விளையாட்டை மதிப்பிடுவது முறையாகாது. யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் அங்குள்ள நண்பர்களுக்கு அதன் அருமை உடனே தெரியாமல் போகலாம். அன்றாடம் வண்டியோடு வாழ்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது வெறும் வாகனம் அன்று.

தொடக்கத்தில் கிடைக்கும் வண்டியின் டேங்க் மிகச் சிறியது. கொஞ்ச தூரம் போனாலே முள் இறங்கிவிடும். மோதினால் பழுதாகும், பழுதுபார்க்கப் பழைய இரும்புத் துண்டுகள் வேண்டும். விரைவுப் பயணத்துக்குக்கூடப் பெட்ரோல் செலவாகும். விமர்சகர்கள் பலர் இதைத் தொந்தரவாகப் பார்த்தார்கள். நான் இதைத்தான் விளையாட்டின் உயிராகக் கருதுகிறேன். ஆரெகன் மாநிலத்து மலைச்சாலையில் இருட்டும் நேரத்தில் பெட்ரோல் தீர்ந்து, அடுத்த பங்க்கைத் தேடிப் போகிறபோது, மரங்களுக்கிடையே கேட்கும் ஒவ்வொரு உறுமலுக்கும் உடம்பு சிலிர்க்கும். சரிவான பாதையில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு உருண்டு போனால் பெட்ரோல் மிஞ்சும்; வண்டி ஓட்டிப் பழகியவர் இதைத் தாமாகவே செய்துபார்ப்பார். பின்னர் பெரிய டேங்க்கும் வலுவான இன்ஜினும் வாங்கும்போது, அதற்காக அலைந்த அலைச்சல் எல்லாம் நினைவுக்கு வருகிறது. அண்ணன் குறை சொல்லும் அந்தத் தொடக்க மணிநேரங்கள் இல்லாவிட்டால் இந்த நிறைவு கிடைத்திருக்காது.

கதை நீளம் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் கதாநாயகன் டீக்கனுக்கும் அவன் தோழன் பூஸருக்கும் இடையிலான நட்பை அவசரப்படாமல் வளர்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. வாய்ச்சொல்லில் கரடுமுரடாக இருக்கும் இருவர் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நடந்துகொள்வதை, டீக்கனுக்குக் குரல் கொடுத்த சாம் விட்வர் நன்றாகவே வெளிப்படுத்தியிருக்கிறார்.

நெடுவழி (பெகு) எழுதியது:

வண்டியைப் பற்றித் தம்பி சொன்னது முழுக்கச் சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வண்டி தரும் பயமும் நிறைவும் தொடக்கத்திலிருந்தே கிடைப்பதைப் போல, பெருங்கூட்டத்தை எதிர்த்து நிற்கும் ஒரு வாய்ப்பையும், சிறிய அளவிலாவது, முதல் பகுதியிலேயே வைத்திருக்கலாம் என்பதுதான் என் வாதம். ஐம்பது பேர் கொண்ட ஒரு சிறு கூட்டத்தை ஒரு குகை வாசலில் மடக்கும் பணி ஒன்றைக் கோப்லேண்ட் முகாமே கொடுத்திருந்தால், பாதியில் கைவிட்டவர்களில் பலர் தொடர்ந்து விளையாடியிருப்பார்கள்.

இரவுவிளக்கு (யாங்கோன்) எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். திடீரென்று மின்சாரம் போனால் விளையாடியது எல்லாம் போய்விடுமா? எங்கள் கணினி பழையது. 8 ஜிபி நினைவகமும் ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் அட்டையும்தான் இருக்கின்றன.

சாலைப்பயணி (மோல்மேன்) எழுதியது:

குறைந்தபட்சத் தேவையாகச் சொல்லப்பட்டிருப்பது 8 ஜிபி நினைவகமும் ஜிடிஎக்ஸ் 780 அட்டையும். உங்கள் அட்டை அதைவிடப் புதியது. காட்சித் தரத்தைச் சற்றுக் குறைத்து வைத்துக்கொண்டால் ஓடும். சேமிப்பைப் பொறுத்தவரை, வெளியில் இருக்கும்போது வண்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சேமிக்க முடியும். இல்லாவிட்டால் படுக்கை உள்ள இடத்துக்குப் போக வேண்டும். எனவே மின்சாரம் போகும் நேரம் நெருங்கினால் வண்டியை விட்டு வெகுதூரம் நடந்து போகாதீர்கள். நீரோ சாவடிக்குள் நுழையும் முன்பும், கூடுகளை எரிக்கும் முன்பும், வண்டியருகே நின்று ஒருமுறை சேமித்துவிடுங்கள். உங்கள் தம்பியிடமும் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள்.