புதுப்பிப்பு: நடைபாதையை அகலமாக்கினால் மனைகள் கலையுமா?

முப்பரிமாண நகர மாதிரிகளை உருவாக்கும் சிட்டிஎஞ்சின் மென்பொருளில் தெருவின் ஒரு பக்க நடைபாதையை மட்டும் அகலமாக்க முடியுமா, அருகிலுள்ள மனைகள் கலைந்துவிடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது. தெருவின் அகலம், இடது நடைபாதை, வலது நடைபாதை மூன்றும் தனித்தனி அளவுகள். இடப்பக்கத்தை 2 மீட்டரிலிருந்து 4 மீட்டராக்கியதும் அந்தப் பக்கத்து மனைகளின் எல்லை பின்வாங்கியது; கட்டடங்களும் அவற்றை உருவாக்கும் விதிப்படி மீண்டும் எழுந்தன. பார்க்கவே அவ்வளவு நிறைவாக இருந்தது!

ஒன்றைக் கவனியுங்கள். இடது, வலது என்பது தெருக்கோடு வரையப்பட்ட திசையைப் பொறுத்தது. ஒரே சாலையின் இரு துண்டுகள் எதிரெதிர்த் திசையில் வரையப்பட்டிருந்தால், அகலமான நடைபாதை சந்திப்பைத் தாண்டியதும் மறுபக்கம் தாவிவிடும். இறக்குமதி செய்த வரைபடங்களில் இதை முதலில் சரிபாருங்கள்.

மனை எல்லை மாறவே கூடாதென்றால் அவற்றை நிலையான வடிவங்களாக மாற்றிவிடலாம். ஆனால் அதன்பின் தெருவோடு சேர்ந்து அவை நகராது. எனவே சாலை வடிவமைப்பு முடிவான பிறகே அதைச் செய்வது நல்லது.

காட்சிவழி விதி எழுதும் வசதி கட்டடங்களுக்கு அருமை. தெருவுக்கு நான் இன்னும் சிஜிஏ (சிட்டிஎஞ்சினின் விதி மொழி) விதிகளைத் தட்டச்சு செய்வதையே விரும்புகிறேன். சைக்கிள் தடத்துக்கான நிபந்தனைகள் எழுத்தில்தான் தெளிவாகத் தெரிகின்றன.