எகிப்து ஓவியத்தில் முகம் பக்கவாட்டில், கண் மட்டும் ஏன் நேராக?

மதுரைக்காரி:
என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி நூலகத்திலிருந்து எகிப்து பற்றிய படப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தாள், நேற்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். எல்லா ஆட்களுக்கும் முகம் பக்கவாட்டில் இருக்கிறது, ஆனால் கண் நம்மை நேரே பார்க்கிற கண். தோள் இரண்டும் நமக்கு நேராக அகலமாக, இடுப்புக்குக் கீழே மறுபடி பக்கவாட்டு. "அம்மா, இவங்களுக்கு வரையத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியாமலா இத்தனை ஆயிரம் வருஷம் அப்படியே வரைந்திருப்பார்கள் என்று எனக்கும் தோன்றியது, ஆனால் சொல்லப் பதில் இல்லை. தெரிந்தவர்கள் விளக்குங்களேன், குழந்தைக்குப் புரிகிற மாதிரி இருந்தால் ரொம்ப நல்லது.

கரித்துண்டு:
வணக்கம் சகோதரி, நான் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். மகளிடம் முதலில் ஒரு மீன் வரையச் சொல்லுங்கள், பக்கவாட்டில் வரைவாள். அப்புறம் பல்லி வரையச் சொல்லுங்கள், மேலிருந்து பார்த்தபடி வரைவாள். எந்தப் பக்கம் பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரியுமோ அந்தப் பக்கத்தைத்தான் கை தேடும். எகிப்தியர்கள் உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் அதைச் செய்தார்கள். மூக்கும் தாடையும் பக்கவாட்டில் தெளிவு, கண் நேரில் தெளிவு. கால்களை உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு காலிலும் கட்டைவிரல் நம் பக்கமாகவே இருக்கும். கல்லறைச் சுவரில் இருப்பவர் மறுமையிலும் வாழப்போகிறவர் என்பது அவர்கள் நம்பிக்கை, அதனால் எதுவும் மறைந்துபோகாமல் முழுசாக இருக்க வேண்டும்.

இது கைக்கு வந்தபடி போட்டதும் இல்லை. பாதியில் விட்ட கல்லறைச் சுவர்களில் சிவப்புக் கோட்டில் போட்ட கட்டங்கள் இன்னும் இருக்கின்றன. நிற்கிற ஆளுக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம், முழங்கால் 6-வது கட்டத்தில். உட்கார்ந்தவருக்கு 14.

வரையத் தெரியாதா என்ற கேள்விக்கு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நேரடியாகவே பதில் இருக்கிறது. நெபமூன் என்ற அதிகாரியின் கல்லறை ஓவியம், கி.மு. 1350 வாக்கில் வரைந்தது. அதில் விருந்து நடக்கிறது, தரையில் உட்கார்ந்து பாடி வாசிக்கும் பெண்களில் இரண்டு பேர் முகத்தை நேராகவே நம் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். மடக்கிய கால்களின் உள்ளங்கால் கூடத் தெரியும். ஆக நேர்முகம் வரையக் கை இருந்தது. வீட்டு எஜமானுக்கு அப்படி வரைய மாட்டார்கள், அவருக்கு முறை தவறக் கூடாது. வாசிக்கிற பெண்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனக்கு அந்தச் சுவரிலேயே பிடித்தது அந்த இரண்டு முகங்கள்தான்.

ஒடியோலை:
கரித்துண்டு அண்ணன் கட்டம் பற்றிச் சொன்னதும் எங்கள் மாமாவின் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்து முகம், மார்பு, தொடை என்று அளவு குறிப்பார்கள். அதற்குப் பெயர்தான் ஒடியோலை, என் பெயரும் அதிலிருந்து எடுத்ததே. மெழுகில் உருவம் பிடிக்கும்போது அந்த ஓலை கையை விட்டுப் போகாது. தாளம் என்பது ஏறக்குறைய ஒரு முக நீளம். சிவனுக்கும் பெருமாளுக்கும் உத்தம தச தாளம், பத்துத் தாளத்தில் பெரிய அளவு, அதாவது மொத்த உயரம் 124 அங்குலம். அம்மனுக்கு 120. இந்த அங்குலம் கடை ஸ்கேலில் இருக்கிற அங்குலம் இல்லை, சிலையின் உயரத்தையே 124 பாகமாக்கினால் வருகிற ஒரு பாகம். அதனால் உள்ளங்கையில் அடங்குகிற சிலையும் ஆள் உயரச் சிலையும் ஒரே அளவுப் பொருத்தத்தில் வரும். பிள்ளையாருக்குப் பஞ்ச தாளம், ஐந்து தாளம்தான், அதனால்தான் அந்தக் குள்ள உருவம்.

எங்கள் சிலைகளில் புடைத்த தசை, நரம்பு எதுவும் காட்டுவதில்லை. மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திய உடம்பு மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும் என்பார் மாமா. இதைப் பார்த்து உடற்கூறு தெரியாதவர்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு, படிக்கும்போது மனசு வலிக்கும்.

பழம்பானை:
நடுவில் கிரேக்கர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களின் பழைய இளைஞர் சிலைகள், கூரோஸ் என்பார்கள், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கி.மு. 590 வாக்கில் செய்த ஒன்று இருக்கிறது. இடது கால் முன்னே, கைகள் தொடையோடு ஒட்டி, அச்சு எகிப்து நிலை. ஆனால் எகிப்துக் கற்சிலையில் கைக்கும் உடம்புக்கும் இடையே கல்லை விட்டுவைப்பார்கள், முதுகுக்குப் பின்னால் தூணும் நிற்கும், கிரேக்கர்கள் அதைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். நூறு வருஷம் கழித்து, கி.மு. 480-ஐ ஒட்டி, ஏதென்ஸில் கிரிட்டியோஸ் சிறுவன் என்று ஒரு சிலை. எடை முழுதும் ஒரு காலில், மறு முழங்கால் லேசாக மடங்க, இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிற பையன் நிற்பது போலவே.

அப்புறம் ஆப்பிரிக்கா. நைஜீரியாவின் இஃபே ஊரில் 1938-இல் வீடு கட்டத் தோண்டியபோது உலோகத் தலைகள் கிடைத்தன, உயிருள்ள முகம் என்றே நினைக்கத் தோன்றும். அதே யொரூபா மக்களின் மரச்சிற்பங்களில் தலை மட்டும் உடம்பில் கால்வாசி இருக்கும், ஏனென்றால் ஒருவரின் விதி குடியிருப்பது தலையில் என்பது அவர்கள் நம்பிக்கை. உள்ளபடி செய்யத் தெரிந்தவர்கள்தான் தலையைப் பெரிதாக்கினார்கள்.

மதுரைக்காரி:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மீன், பல்லி இரண்டையும் வரையச் சொன்னேன், சார் சொன்னபடியே வந்தது! அவளுக்கு ஒரே ஆச்சரியம். லண்டனும் ஏதென்ஸும் எங்களுக்கு எட்டாது. நம் பக்கத்தில் எங்கே கூட்டிப்போகலாம்?

ஒடியோலை:
தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம் போங்கள் அக்கா. திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவர் அங்கே இருக்கிறார், கி.பி. 1011-இல் செய்தது. பழம்பானை சொன்ன சிறுவன் மாதிரி இவரும் ஒரு காலில் எடையை வைத்து, மறு காலைக் குறுக்கே போட்டு நிற்பார், தலையில் பாம்புகள் சுற்றிய சடை. ஒரு கை எதன் மேலோ சாய்ந்தபடி அந்தரத்தில் இருக்கும், சாய்ந்திருந்த காளை இப்போது இல்லை. நீங்கள் எதுவும் சொல்லாமல் மகளை அந்தக் கையைப் பார்க்க விடுங்கள். அங்கே என்ன இருந்திருக்கும், எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று அவளையே வரையச் சொல்லுங்கள். வரைந்ததை இங்கே போடுங்கள், மாமாவிடம் காட்டுகிறேன்.