ஹாலுக்கும் பேஸ்மென்ட்டுக்கும் அண்டர்லே: குடும்பக் குழுவில் பேசினது

வித்யா: மாமா, நியூ ஜெர்சி எடிசன் ஊர்ல இருக்கிற எங்க வீட்டுல தரை வேலை ஆரம்பிக்கப் போறோம். மேல ஹால் 18×20 அடி, பிளைவுட் மேல முக்கால் அங்குல ஓக் பலகை, ஆணி அடிக்கிறது. கீழ பேஸ்மென்ட் 20×25, கான்கிரீட் மேல க்ளிக் பலகை, ஆணி இல்லாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டுறது. ரெண்டுக்கும் அடியில விரிக்க ஒரே ஃபோம் அண்டர்லே வாங்கிடலாமா? குளிர்காலத்துல ஜன்னல் திறக்க மாட்டோம், குழந்தை தரையிலதான் இருப்பான். காத்தைக் கெடுக்காததா வேணும்.

மாமா: ஒரே பொருள் ஆகாதும்மா. ஆணி அடிக்கிற பலகைக்குக் கீழ மெத்துன்னு எதுவும் கூடாது. மிதிக்க மிதிக்கப் பலகை அமுங்கி எழும், ஆணி தளரும், அப்புறம் நடந்தாலே கிறீச்சுனு கத்தும். ஹாலுக்கு மெல்லிய காகிதம் போதும்.

வித்யா: கடையில 15 நம்பர் தார் ஃபெல்ட் சொல்றாங்க.

அருண்: அக்கா, அது தார் ஊறின ஃபெல்ட். வெயில் விழுற ஜன்னல் பக்கம் சூடாச்சுன்னா வாசனை மேல வரும். தரைக்கடியில ஹீட்டிங் இருந்தா தொடவே கூடாது. சிலிகான் பூசுன காகிதம் வாங்குங்க, தார் கிடையாது.

மாமா: அருண் சொல்றது சரி. காகிதத்தோட பெர்ம் எண், அதாவது ஈர ஆவி எவ்வளவு கடந்து போகும்ங்கிற அளவு, 0.7க்கும் 50க்கும் நடுவுல இருக்கான்னு பாரு. பிளைவுட் மேல பிளாஸ்டிக் ஷீட் விரிச்சிடாதே, ஈரம் வெளியேற வழியில்லாம பிளைவுட்டே கெடும்.

வித்யா: எவ்வளவு வாங்கணும்?

மாமா: 36 அங்குல ரோல்ல 4 அங்குலம் மேல ஏத்தி விரிச்சா 32தான் நிக்கும். 360 சதுர அடிக்கு 405 ஆகும். ஓரத்துல வெட்டுறதுக்கும் சேர்த்து 430 வாங்கு. விரிக்கிறதுக்கு முன்னாடி பிளைவுட்ல இருக்கிற ஈரத்தை மீட்டர் வச்சு அளக்கச் சொல்லு. 12 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. பலகை 3 அங்குலமோ அதுக்கு மேலயோ அகலம்னா, பலகைக்கும் பிளைவுட்டுக்கும் ஈர வித்தியாசம் 2 சதவீதத்துக்குள்ள இருக்கணும்.

வித்யா: பேஸ்மென்ட்டுக்கு?

மாமா: முதல்ல 6 மில் பாலித்தீன் ஷீட் (மில்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, மில்லிமீட்டர் இல்ல). ஒரு ஷீட் மேல இன்னொண்ணு 6 அங்குலம் ஏறணும், இணைப்பெல்லாம் டேப், சுவர்ல 2 அங்குலம் மடிச்சு ஏத்து. 10 அடி அகல ரோல்னா ரெண்டு பட்டை பத்தாது, மூணு போகும். 100 அடி ரோல் ஒண்ணு போதும். அது மேல 3 மில்லிமீட்டர் கார்க்.

வித்யா: 6 மில்லிமீட்டர் போட்டா இன்னும் சத்தம் குறையாதா?

மாமா: குறையும், ஆனா மிதிக்கும்போது அது அமுங்கி எழுற அசைவுல பலகையை மாட்டுற க்ளிக் நாக்கு உடையும். பலகைக் கம்பெனி எவ்வளவு தடிமன் அனுமதிக்குதோ அவ்வளவுதான். பலகைக்கு அடியிலயே பேட் ஒட்டி வந்திருந்தா கார்க்கே வேண்டாம்.

அருண்: கார்க்குன்னாலே சுத்தம்னு நினைச்சிடாதீங்க அக்கா. துகளை ஒட்ட வைக்கிற பசையைப் பாக்கணும். யூரியா ஃபார்மால்டிஹைடு பசைன்னா வேண்டாம், அதுல இருந்து ஃபார்மால்டிஹைடுங்கிற கெட்ட வாயு காத்துல கலக்கும், பாலியூரித்தேன்னு எழுதியிருக்கணும். பழைய டயர் ரப்பர்ல பண்றதும் மூடின பேஸ்மென்ட்டுக்கு வேண்டாம், அந்த நாத்தம் சீக்கிரம் போகாது.

வித்யா: பெட்டியில "ஜீரோ விஓசி"ன்னு போட்டிருக்கே?

அருண்: விஓசின்னா காத்துல ஆவியா கலக்கிற ரசாயனங்கள். அந்த ஜீரோ, பொருளுக்குள்ள என்ன கலந்திருக்குங்கிற கணக்கு. உங்க வீட்டுக் காத்துக்கு எவ்வளவு வருதுங்கிறது வேற. ஃப்ளோர்ஸ்கோர் (FloorScore) இல்லேன்னா கிரீன்கார்டு கோல்டு (GREENGUARD Gold) சான்றிதழ் இருக்கான்னு பாருங்க, ரெண்டுலயும் அடைச்ச சேம்பர்ல வச்சு அளக்கிறாங்க. கோல்டுல ஃபார்மால்டிஹைடு ஒரு கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராம், மொத்த விஓசி 220, அதுக்கு மேல போகக் கூடாது. சான்றிதழ்ல அதே மாடல் பேர் இருக்கணும், கம்பெனி பேர் மட்டும் இருந்தா நம்பாதீங்க. டேப்புக்கும் ஏதாவது பசை பூசினா அதுக்கும் இதே மாதிரி கேளுங்க. க்ளிக் பலகைப் பெட்டியில டிஎஸ்சிஏ டைட்டில் 6 (TSCA Title VI, மரக்கூழ்ப் பலகையில ஃபார்மால்டிஹைடுக்கு அமெரிக்கச் சட்டம் வச்ச வரம்பு) இருக்கான்னும் பாத்துடுங்க.

வித்யா: கார்க் எத்தனை ரோல்?

மாமா: 200 சதுர அடி ரோல்னா மூணு. கார்க்கை மேல ஏத்தாதே, ஓரத்தோட ஓரம் முட்டி வை. தரை 10 அடிக்கு 3/16 அங்குலத்துக்கு மேல ஏறி இறங்கினா முதல்ல லெவல் பண்ணணும், கார்க் அதை மறைக்காது. கான்கிரீட்ல துளை போட்டு உள்ளே ஈரம் அளக்கிற டெஸ்ட் எடுக்கச் சொல்லு. ஸ்லாப் தடிமன்ல 40 சதவீத ஆழம், மூணு இடம். அந்த எண் பலகைக் கம்பெனி சொல்ற வரம்புக்குள்ள வர்ற வரைக்கும் கார்க் ரோலைப் பிரிக்காதே, பிரிச்சதைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்.