பிறந்தநாள் சாப்பாடு கொடுக்க வருபவர்களை எப்படி நெறிப்படுத்துவது?

கேட்டவர்: தாராவி மைய நிர்வாகி

தாராவி 90 அடி சாலைக்குப் பக்கத்தில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறிய பகல்நேர மையம் ஒன்றை எங்கள் அறக்கட்டளை நடத்தி வருகிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் காலையில் வந்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் வீடு திரும்புகிறார்கள். எங்களுக்கு வரும் நன்கொடையில் பெரும்பங்கு பிறந்தநாள், திருமண நாள், திதி ஆகியவற்றை ஒட்டியே வருகிறது. கொடுப்பவர்கள் குடும்பத்தோடு வந்து, கேக் வெட்டி, பாயசமோ பிரியாணியோ தங்கள் கையாலேயே பரிமாறி, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறார்கள்.

அவர்கள் வருவது பெரும்பாலும் பிசியோதெரபி நடக்கும் நேரம். கைதட்டலும் பாட்டும் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடும் பிள்ளைகளை அன்று முழுவதும் வழக்கத்துக்குத் திருப்ப முடிவதில்லை. ஆனால் இவர்களை முகம் சுளிக்க வைத்துவிட்டு மாத வாடகைக்கு எங்கே போவது? சோற்றுக்குத் தாராளமாகக் கொடுப்பவர்கள்கூட ஸ்பெஷல் டீச்சரின் சம்பளத்துக்குக் கேட்டால் தயங்குகிறார்கள். இதே வேலையில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1: பிசியோதெரபிஸ்ட், சயான்

சத்தத்தை விட எனக்கு அச்சம் தருவது ஊட்டிவிடும் பழக்கம்தான். பெருமூளை வாதம் உள்ள பல பிள்ளைகளுக்கு மெல்லுவதும் விழுங்குவதும் சிரமம். தலை பின்னால் சாய்ந்திருக்கும்போது பழக்கமில்லாத ஒருவர் பாசத்தோடு வாயில் வைக்கும் கேக் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். எல்லா நேரமும் இருமல் வந்து அது நமக்குத் தெரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது, சில பிள்ளைகளுக்குப் பிறகு நிமோனியாவாகத்தான் வெளிப்படும். மருந்துக்கு அடங்காத வலிப்புக்காகக் கீட்டோஜெனிக் உணவில் (கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவுமுறை) இருக்கும் பிள்ளைக்கு மாவுச்சத்தைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். யாரோ அன்போடு நீட்டும் ஒரு லட்டு வலிப்பைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். ஆகவே வந்தவர்கள் தட்டில் பரிமாறலாம், வாயில் ஊட்டுவது பணியாளரும் பெற்றோரும் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொன்னால் கோபித்துக்கொள்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு, அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசையாகக் காட்டும் அட்டவணையில் 'விருந்தினர் வருகை' என்று ஒரு படத்தைக் காலையிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பதற்றம் கணிசமாகக் குறையும்.

பதில் 2: நன்கொடையாளர், செம்பூர்

நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவள் என்பதால் சற்று மாறுபட்டே சொல்கிறேன். அம்மாவின் திதிக்கு ஆண்டுதோறும் இத்தகைய ஓர் இல்லத்துக்குக் கொடுக்கிறேன். விதிமுறைகளை அச்சடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போடாதது போல மனம் சுருங்கிவிடும். எங்களைப் போன்றவர்கள் வருவது படத்துக்காக மட்டும் அன்று. கையால் ஒன்று செய்தோம் என்ற நிறைவு வேண்டும், அதற்கு ஒரு வழி காட்டுங்கள். நான் போகும் இடத்தில் காய் நறுக்கவும், சமைத்ததைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மசித்து வைக்கவும் சொல்கிறார்கள், அதுவே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

சம்பள விஷயமும் அப்படித்தான். அன்னதானம் புண்ணியம் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு பிள்ளை தானே கரண்டி பிடித்துச் சாப்பிடுவதற்குப் பின்னால் ஓர் ஆசிரியை எத்தனை மாதம் உழைக்கிறார் என்பதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அந்த ஆசிரியையை ஐந்து நிமிடம் எங்களோடு பேச வையுங்கள்.

பதில் 3: கணக்காளர், மாட்டுங்கா

பணம் தொடர்பாகச் சில செய்திகள். வாங்கிக்கொண்டு வரும் பிரியாணிக்கோ அரிசி மூட்டைக்கோ 80ஜி விலக்கு (நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை) கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. தொகையை வங்கி வழியாக அனுப்புங்கள், சமையலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்பதற்கு இதுவே நாகரிகமான காரணம். வெளிச் சாப்பாட்டுப் பிரச்சினையும் அதோடு தீர்ந்துவிடும். கொடுப்பவரின் பான் எண்ணையும் முகவரியையும் அன்றே வாங்கி வைத்துவிடுங்கள். நன்கொடை விவரங்களை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும் 10பிடி படிவத்தை மே 31க்குள் தாக்கல் செய்தால்தான் அவர்களுக்கு 10பிஇ என்னும் நன்கொடைச் சான்றிதழ் தர முடியும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் வரும். புதிய வரிமுறைக்கு மாறிய சம்பளக்காரர்களுக்கு 80ஜி பயனில்லை என்பதால், அவர்களிடம் அதை ஆசை காட்டிப் பேச வேண்டாம்.

பதில் 4: ஒரு தாய், தாராவி

படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என் மகள் வேறொரு மையத்தில் படித்தபோது, யாருடைய பிறந்தநாளுக்கோ எடுத்த படம் எங்களுக்கு முன்பின் தெரியாதவர்களின் குழுக்களில் எல்லாம் சுற்றியது. அவள் முகத்தைக் காட்டலாமா என்று எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. சேர்க்கையின்போதே எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரின் பிள்ளைக்கு எந்தக் குறையும் வைக்காதீர்கள்.

கேட்டவர்: தாராவி மைய நிர்வாகி

அனைவருக்கும் நன்றி. தெரபி முடிந்த பிறகு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும், ஒரே சமயத்தில் நான்கு பேர் வரை அனுமதிப்பது என்று அறங்காவலர்களிடம் முன்வைக்கப் போகிறேன். செம்பூர் அம்மா சொன்னபடி, வருபவர்கள் முதலில் சமையலறைக்குப் போவார்கள், பிறகு டீச்சரோடு சற்று நேரம் இருப்பார்கள். படம் எடுக்க விரும்புபவர்களுக்குப் பிள்ளைகள் வரைந்த ஓவியங்கள் மாட்டிய சுவரைக் காட்டுவோம். ஊட்டக் கூடாத பிள்ளைகளின் பட்டியலைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துத் திருத்திக் கொடுத்த பிறகே முதல் குடும்பத்தை அழைக்க எண்ணியிருக்கிறேன். தேர்தல் காலத்தில் பேனரோடு சொல்லாமல் வந்து நிற்பவர்களுக்கு இவை எதுவும் செல்லாது என்பது தெரியும். அதற்குத் தனியாக ஒரு கேள்வி எழுத வேண்டும்.