மூடி போட்ட அம்மோலைட் போலியா?

பட்டறைக்காரன்: மேலே மூடி ஒட்டிய அம்மோலைட் எல்லாம் டூப்பு என்று கோட்டை மாரி நேற்று அளந்துவிட்டுப் போயிருக்கிறார். கனடாவின் ஆல்பர்ட்டாவில், சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன் கடலில் செத்த அம்மோனைட் என்ற, இப்போது அழிந்துபோன ஓட்டு உயிரின் ஓடு அது. நிறம் காட்டும் படலம் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூடத் தேறாது, கடினம் பத்துக்கு 4 பக்கம்தான், தெருப் புழுதியே கீறிவிடும், அதனால்தான் அடியில் களிப்பாறை, மேலே குவார்ட்ஸ் வைத்து ஒட்டுகிறார்கள்.

கோட்டை மாரி: ஒட்டியது ஒட்டியதுதானே? மரகதத்துக்கு யார் மூடி போடுகிறார்கள்?

பட்டறைக்காரன்: மரகதம் ஏழரைக்கு மேல், அதற்கு எதற்கு மூடி? உலக நகை வணிகர் கூட்டமைப்பே 1981-ல் அம்மோலைட்டை ரத்தினமாக ஏற்றாகிவிட்டது, மாரி ஐயாதான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

கோட்டை மாரி: ரத்தினமா என்று நான் கேட்கவே இல்லை. மூடி. மூடியைப் பற்றிப் பேசுங்கள்.

அடிவாரம்: எதற்கு அண்ணா கனடா? ஏற்காட்டு மலையிலேயே என் மாமா இப்படிப் பளபளக்கும் கல் எடுத்திருக்கிறார்.

பட்டறைக்காரன்: அது காக்காப்பொன்னாக இருக்கும் தம்பி. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற பழம்பாறை, வயது 250 கோடி வருஷத்துக்கு மேல், அப்போது ஓடுள்ள உயிரே கிடையாது. அம்மோனைட் வேண்டுமென்றால் அரியலூருக்குப் போ, ஆனால் அங்கே இந்த மினுக்கத்தை எதிர்பார்க்காதே.

அரியலூரான்: எங்கள் ஊரை ஏன் இழுக்கிறீர்கள்? வெள்ளைக்கல் கரட்டை வைத்துக்கொண்டு சேலத்துக்காரர்களுக்கு வாய் மட்டும் நீளம்.

பட்டறைக்காரன்: அந்த வெள்ளைக்கல் மேக்னசைட் இல்லாமல் உங்கள் சிமென்ட் சூளைக்குச் செங்கல் ஏது? சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூடி இருந்தாலும் ஓரத்தில் ஓடு தெரியும், அது சுண்ணாம்புச் சத்து, புளி போட்டு வெள்ளியைத் தேய்க்கிற வீட்டில் அந்த ஓரம் அரிபட்டுவிடும். பற்றவைக்கும்போது கல்லைக் கழற்றித்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் சூட்டில் கோந்து விட்டுவிடும்.

கோட்டை மாரி: ஆக, கோந்து இருக்கிறது! அவர் வாயாலேயே வந்துவிட்டது. போன தீபாவளிக்கு இவர் பற்றவைத்த கொலுசும் இப்படித்தான், பொங்கலுக்குள் முத்து உதிர்ந்தது.

பட்டறைக்காரன்: கொலுசோடு மாடிப்படியில் குதித்தது யார் வீட்டுப் பெண்? பழுது பார்த்த கூலி பாதி இன்னும் வரவில்லை, அதையும் இங்கேயே எழுதட்டுமா?

அடிவாரம்: அண்ணா, மாமா அந்தக் கல்லைப் புளியில்தான் ஊறப்போட்டிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லையே?