அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது, அப்புறம் உறைந்தது. எப்படி?

கத்துக்குட்டி:
ஆய்வகத்தில் மணிச்சாடிக்குள் (காற்றுப் புகாத, மணி வடிவக் கண்ணாடி மூடி) ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, பம்பு போட்டுக் காற்றை உறிஞ்சினோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே பனிக்கட்டி படிந்துவிட்டது! 100 டிகிரியில் கொதிக்கும், 0 டிகிரியில் உறையும் என்று படித்ததெல்லாம் என்ன ஆயிற்று?

சிரிஞ்ச் வாத்தியார்:
அந்த 100, கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு மட்டும் பொருந்துகிற கணக்கு. கொதிக்க வேண்டுமானால் நீருக்குள்ளேயே ஆவிக்குமிழி உண்டாக வேண்டும். வெளி அழுத்தம் அதிகமாக இருந்தால் குமிழி பிறக்கும்போதே நசுங்கிவிடும். 25 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 32-இல் ஒரு பங்குதான். உங்கள் பம்பு அதற்கும் கீழே இறக்கிவிட்டது.

எங்களிடம் பம்பு கிடையாது. ஊசி இல்லாத சிரிஞ்சில் கால்வாசி வெந்நீர் (கை பொறுக்கும் சூடு போதும்) எடுத்து, நுனியை விரலால் அடைத்துத் தண்டைப் பின்னால் இழுக்கச் சொல்வேன். முதலில் வருவது கரைந்திருந்த காற்று. அதை வெளியே தள்ளிவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். தண்டை விட்டதும் குமிழிகள் சட்டென்று காணாமல் போனால் அது ஆவியேதான்.

பனிக்கட்டிக்கு வருவோம். தண்ணீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அடுப்பு இல்லாததால் தண்ணீர் தன் சூட்டையே செலவழித்துக் குளிர்ந்துபோகிறது. வெப்பநிலை 0.01 டிகிரிக்கும் அழுத்தம் 611 பாஸ்கலுக்கும் (பாஸ்கல் அழுத்தத்தின் அலகு) வந்தால் பனிக்கட்டி, நீர், ஆவி மூன்றும் ஒன்றாக இருக்கும். மும்மைப் புள்ளி என்பது அதைத்தான்.

கத்துக்குட்டி:
அப்படியானால் போதுமான அளவு அமுக்கினால் எந்த வாயுவும் திரவமாகிவிடுமா?

சிலிண்டர்காரன்:
ஆகாது. ஒவ்வொன்றுக்கும் மாறுநிலை வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதற்கு மேலே எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. கார்பன் டை ஆக்சைடுக்கு அது 31 டிகிரி என்று தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-லேயே காட்டிவிட்டார். ஆக்ஸிஜனுக்கு மைனஸ் 118.

எங்கள் வேலையில் இது தினமும் கண்ணில் படும். ஆக்ஸிஜன் சிலிண்டருக்குள் வெறும் வாயுதான்; அது குறையக் குறைய கேஜ் (அழுத்தமானி) முள் இறங்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் 20 டிகிரியில் இருந்தால், அது 31-க்குக் கீழே என்பதால் உள்ளே திரவமும் இருக்கும்; வாயு வெளியேற வெளியேறத் திரவம் ஆவியாகி ஈடுகட்டும். அதனால் சொட்டுத் திரவம் இருக்கும்வரை முள் 57 பாரிலேயே (பார் என்பதும் அழுத்த அலகு) நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முள்ளை நம்பி, முக்கால்வாசி காலியான ஒன்றை நிறைந்தது என்று அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது தராசில் ஏற்றாமல் எதையும் நம்புவதில்லை.