பெட்ரோமாக்ஸ் புதிர்ல மூணு பேரும் மாட்டிக்கிட்டாங்க, புதிர மாத்தணுமா இல்ல க்ளூ குடுக்கணுமா?

டென்ட்கொட்டாய் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை வருஷமா வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ராத்திரியா உக்காந்து அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோங்கற கேம் பண்ற மென்பொருள்ல, அதான் ஏஜிஎஸ், ஒரு பாயின்ட் அண்ட் க்ளிக் கேம், அதாவது மவுஸால க்ளிக் பண்ணியே புதிர் விடுவிக்கற கேம், பண்ணிட்டு இருக்கேன். கதை 1970கள்ல மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம், டூரிங் டாக்கீஸோட கடைசி நாள், மறுநாள் கொட்டாய பிரிச்சுடுவாங்க, அதுக்குள்ள பன்னெண்டு வயசு பையன் ஒருத்தன் ஆபரேட்டர் ரூமுக்குள்ள போயி ஒரு துண்டு ஃபிலிம் எடுத்துட்டு வரணும், அவ்ளோதான் கதை. மொத்தம் 14 ரூம், அதாவது காட்சி. எல்லா படமும் நானே வரைஞ்சது.

நடுவுல கரென்ட் போயிடும், பையன் கொட்டாய்க்கு பின்னாடி கிடக்குற பெட்ரோமாக்ஸ ஏத்தணும். மண்ணெண்ணெய் ஊத்தி, புது மேன்டில், அதான் வெளிச்சம் தர்ற துணி வலை, கட்டி, முனைல இருக்குற அடைப்ப ஊசியால குத்தி, ஸ்பிரிட் ஊத்தி பத்த வச்சு சூடேத்தி, அப்புறம் பம்ப் அடிச்சா எரியும். எங்க தாத்தா கல்யாணத்துக்கெல்லாம் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டவரு, சின்ன வயசுல பக்கத்துல உக்காந்து பாத்தது அப்படியே மனசுல இருக்கு, அதனால இந்த ஒரு புதிருக்காகத்தான் கேமையே ஆரம்பிச்சேன்னு கூட சொல்லலாம்.

போன வாரம் அக்கா பையன், ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ரெண்டு பேரு, மூணு பேர்கிட்டயும் தனித்தனியா குடுத்து ஆட சொன்னேன். மூணு பேரும் அதே இடத்துல நின்னுட்டாங்க. தீப்பெட்டிய எடுத்து நேரா விளக்குல தேய்க்கறாங்க, பையன் "இப்படி எரியாது"ங்கறான், திரும்ப தேய்க்கறாங்க, திரும்ப "இப்படி எரியாது". அக்கா பையன் 40 நிமிஷம் முட்டிட்டு மூடி வச்சுட்டான். மனசு கஷ்டமா போச்சு. இந்த புதிர சுருக்கிடவா, இல்ல க்ளூ பட்டன் ஒண்ணு வைக்கவா?

இன்னும் ரெண்டு விஷயம். வசனம் எல்லாம் தமிழ்ல வரணும்னு ஆசை, ஏஜிஎஸ் 3.6ல யூனிகோட் வந்துடுச்சுன்னு போட்டு பாத்தா கொம்பு எல்லாம் எழுத்துக்கு வலது பக்கம் விழுது, படிக்கவே முடியல. அப்புறம் கொட்டாய் நடுவுல இருக்குற கம்பத்துக்கு பின்னாடி பையன் போனாலும் முன்னாடி நடக்கற மாதிரியே தெரியறான்.

---

நிழல்வாசல் எழுதியது:

கம்பம் விஷயத்த முதல்ல முடிச்சுடுவோம். வாக்-பிஹைண்ட், அதாவது ஆள் பின்னாடி மறையற பகுதி, வரைஞ்சிருப்பீங்க, ஆனா அதோட பேஸ்லைன்ங்கற எல்லைக்கோட்ட கம்பத்தோட உச்சில விட்டிருப்பீங்க. கம்பம் தரைய தொடற இடத்துக்கு அத இறக்குங்க. பையனோட பாதம் அந்த கோட்டுக்கு கீழ இருந்தா முன்னாடி, மேல இருந்தா பின்னாடி, ஏஜிஎஸ் பாக்கறது அவ்ளோதான்.

இப்ப புதிர். தம்பி, புதிர சுருக்காதீங்க. அதுக்கு வேண்டிய விஷயம் உங்க கேமுக்குள்ள இல்ல, உங்க தாத்தா பக்கத்துல உக்காந்திருந்த அந்த பையனோட தலைக்குள்ள இருக்கு. அக்கா பையன் பெட்ரோமாக்ஸ கண்ணால பாத்திருக்க மாட்டான், ஸ்பிரிட் ஊத்தி சூடேத்தணும்னு அவனுக்கு எங்கேர்ந்து தோணும்? எனக்கு இதே அனுபவம் மங்கி ஐலேண்ட் 2ல, 1991ல வந்த கேம். அருவித் தண்ணிய நிறுத்த ஒரு பம்ப திருகணும், அதுக்கு ஸ்பேனரே கிடையாது, பியானோ வாசிக்கிற குரங்க மயக்கி தூக்கிட்டு வந்து அத வச்சு திருகணும். ஏன்னா அமெரிக்காவுல அந்த மாதிரி ஸ்பேனருக்கு மங்கி ரெஞ்சுன்னு பேரு. நான் வளந்த பட்டறைல பைப் ரெஞ்சு, ஸ்பேனர் இதத் தவிர வேற பேரே காதுல விழுந்ததில்ல, ஒரு மாசம் கேம மூடி வச்சுட்டேன். இங்கிலாந்துக்காரனுக்கே அந்த பேரு பழக்கமில்லங்கறப்ப நம்ம எம்மாத்திரம். உங்க பெட்ரோமாக்ஸ் உங்க டெஸ்டர்களுக்கு அந்த குரங்கு மாதிரிதான்.

என்ன பண்ணலாம்னா, கரென்ட் போறதுக்கு முன்னாடி கொட்டாய் வாசல்ல கடலை விக்கிறவர் ஒருத்தர வைங்க. அவரு தன் தள்ளுவண்டி விளக்க ஏத்தறாரு. ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், நீல பாட்டில்ல இருந்து கொஞ்சம் ஊத்தறாரு, குட்டியா தீ எரியுது, அது அணையப் போற நேரத்துல பம்ப் அடிக்கறாரு, புஸ்ஸுனு சத்தம், வெளிச்சம். ஆடறவங்க அவர்கிட்ட கடலை வாங்க வந்திருப்பாங்க, இது பின்னாடி ஓடிட்டு இருக்கும். அப்புறம் தனக்கு விளக்கு கிடைக்கறப்ப "அட, அவரு என்னமோ ஊத்தினாரே"ன்னு தோணும் பாருங்க, அந்த ஒரு நொடிக்காகத்தான் நம்ம எல்லாரும் இந்த வகை கேம விடாம புடிச்சுட்டு இருக்கோம். க்ளூ பட்டன் வச்சா அந்த நொடி போயிடும்.

ரெண்டாவது, "இப்படி எரியாது"ங்கற ஒரே பதில். இத மட்டும் தயவுசெஞ்சு மாத்துங்க. எந்த பொருள எதுமேல போட்டாலும் அதே வரி வந்தா அவங்களுக்கு அது சுவரு, எவ்ளோ தூரம் சரியா வந்திருக்கோம்னே தெரியாது. அன்ஹேண்டில்ட் ஈவென்ட்ல, அதாவது தனியா பதில் எழுதாத க்ளிக்குக்கெல்லாம், பொதுவான பதில் நாலஞ்சு இருக்கட்டும், ஆனா விளக்குக்கும் தீப்பெட்டிக்கும் தனியா எழுதுங்க. முதல் தடவ "குப்புனு புடிச்சு அணைஞ்சு போச்சு, எண்ணெய் இன்னும் ஜில்லுனுதான் இருக்கு." ரெண்டாவது தடவ "முதல்ல அது சூடாகணும் போல." மூணாவது தடவ "கடலைக்காரர் எப்படி பண்ணாரு?" க்ளூ குடுத்தாச்சு, ஆனா பையன் வாயிலேர்ந்து வந்துடுச்சு. டெஸ்டர் ஆடறப்ப பின்னாடி வாய மூடிட்டு உக்காந்து அவங்க எத எதுமேல போடறாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க, அந்த தப்பு க்ளிக் எல்லாமே நீங்க எழுத வேண்டிய வசனம்தான்.

இன்னொண்ணு, இத கண்டிப்பா பாருங்க. மேன்டில் ஒரு தடவ எரிஞ்சுட்டா அப்புறம் தொட்டாலே உதிர்ந்துடும். பையன் அத அவுத்து பையில போட்டா உதிரட்டும், அதான் நியாயம், ஆனா கடைல இன்னொண்ணு எப்ப போனாலும் கிடைக்கணும். கிங்ஸ் க்வெஸ்ட் 5ல, 1990ல வந்தது, கையில இருக்குற கஸ்டர்ட் பைங்கற பலகாரத்த பசிக்குதுன்னு தின்னுட்டா ரொம்ப தூரம் போனப்புறம் பனிமலைல எட்டிங்கற பனிமனுஷன் வந்து நிக்கறப்ப எறியறதுக்கு ஒண்ணும் இருக்காது, பழைய சேவ் இல்லன்னா மொத்தமா முதல்லேர்ந்து. ரான் கில்பர்ட் 1989லயே இந்த மாதிரி முட்டுச்சந்து வைக்கறது ஆடறவனுக்கு செய்யற துரோகம்ங்கற மாதிரி ஒரு நீள கட்டுரை எழுதிட்டாரு, அடுத்த வருஷம் மங்கி ஐலேண்ட் முதல் பாகத்துல அத செஞ்சும் காட்டினாரு. அவரு சொல்ற இன்னொரு பழக்கமும் நல்லது, கடைசி புதிர்லேர்ந்து பின்னாடி வந்து எதுக்கு எது வேணும்னு படமா வரையறது. உங்க 14 ரூமுக்கும் ஒரு ஏ4 தாள் போதும். ஒரே கோடா நேரா ஓடிச்சுன்னா ஒரு இடத்துல மாட்டினவனுக்கு வேற வேலையே இருக்காது, அக்கா பையன் மூடி வச்சதுக்கு அதுவும் காரணமா இருக்கும்.

---

பனங்கூடல் எழுதியது:

வணக்கம் அண்ணா, நான் யாழ்ப்பாணம். உங்கட கொம்புப் பிரச்சினை எனக்கும் வந்தது. ஏஜிஎஸ் எழுத்துகளை ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா வரிசையா வைக்கும், அதுக்கு மேல ஒண்டும் செய்யாது. யூனிகோட்டில கெ எண்டு அடிச்சா உள்ளுக்குள்ள முதல் க, அதுக்குப் பிறகுதான் கொம்பு. கொம்பைத் தூக்கி இடப்பக்கம் வைக்கிறது ஷேப்பிங் எண்டு ஒரு தனி வேலை, ஃபயர்ஃபாக்ஸ் மாதிரி ப்ரவுசருக்குள்ள ஹார்ஃப்பஸ் எண்ட லைப்ரரி அதைச் செய்யுது, இங்க அது இல்லை.

நான் செய்த வழி பழைய வழி. பாமினி எண்ட தமிழ் ஃபொன்ட். இஞ்ச யூனிகோட் வர முதல் அச்சகத்தில, பேப்பர் ஒஃபிசில எல்லாம் அதுதானே. பாமினியில கொம்பு தனி எழுத்து, பார்க்கிற வரிசையில முதல் கொம்பை அடிச்சுப்போட்டுத்தான் க அடிக்கிறது, அதால ஷேப்பிங்கே தேவையில்லை, ஆங்கில எழுத்து இருக்கிற இடங்களிலதான் தமிழ் வடிவம் இருக்குது. வசனத்தை யூனிகோட்டில எழுதி, இன்டர்நெட்டில இருக்கிற கன்வேர்ட்டரில பாமினிக்கு மாத்தி, ஏஜிஎஸ்ஸில டெக்ஸ்ட் ஃபோர்மட்டை யூனிகோட்டுக்கு மாத்தாமல் ஆன்சி எண்ட பழைய முறையிலயே விட்டுட்டு ஒட்டினா திரையில சுத்தமான தமிழ். எடிட்டருக்குள்ள பார்த்தா ஒண்டும் விளங்காத ஆங்கில எழுத்தா இருக்கும், அதுக்குப் பயப்பிடாதேங்கோ.

ஆனா ஒரு இடத்தில ரெண்டு நாள் மண்டையை உடைச்சன். என்ர கேமில ராஜா எண்டு ஒரு ஆள். அவற்ற பேர் வாற இடமெல்லாம் வரி உடைஞ்சு போகுது, ரா மேல் வரியில, கடைசிக் கால் மட்டும் தனியாக் கீழ் வரியில, நடுவில ஜவைக் காணேல்ல. பிறகுதான் விளங்கிச்சு, பாமினியில ஜ இருக்கிறது இடப்பக்கச் சதுர அடைப்புக்குறியின்ர இடத்தில, ஏஜிஎஸ்ஸுக்கு அந்தக் குறி எண்டால் புது வரி. ஷ இருக்கிற பின்சாய்வுக் கோடும் கரைச்சல்தான். ஃபொன்ட்ஃபோர்ஜில ஃபொன்டைத் திறந்து ரெண்டு எழுத்தையும் ஆரும் பாவிக்காத வேற இடத்துக்கு நகர்த்தி, கன்வேர்ட் பண்ணின பிறகு அந்த ரெண்டை மட்டும் தேடி மாத்திவிட்டன். உங்கட கேமிலயும் டூரிங் டாக்கீஸ் எண்டால் ராஜா, ரோஜா எண்டு போஸ்டர் கட்டாயம் இருக்கும், கவனம். ஃபொன்டில கைவைக்க முதல் அதின்ர லைசென்ஸையும் ஒருக்காப் பாருங்கோ.

ஆங்கிலத்தை அழிக்க வேண்டாம், டிரான்ஸ்லேஷன் ஃபைலாத் தமிழைப் போடுங்கோ, அந்த ஃபைலின்ர தலையிலயே நோர்மல் ஃபொன்ட், ஸ்பீச் ஃபொன்ட் எது எண்டு எழுத இடம் இருக்கு, மொழி மாறேக்க ஃபொன்டும் மாறும். படம் என்ன சைஸ்? 320க்கு 200 எண்டால் ணை, ஞ, ழ எல்லாம் சுழி அடைபட்டுப் புள்ளியாப் போகும். நான் 640க்கு 360 வைச்சன், மூண்டால பெருக்கினா நேரா 1920க்கு 1080, பிக்செல் நசியாது.

புதுசாத் தொடங்கிறவைக்கு ஒண்டு: கோடோ 4 எண்ட கேம் செய்யிற மென்பொருளுக்குள்ள ஹார்ஃப்பஸ் இருக்கு, யூனிகோட் தமிழ் அப்பிடியே வரும், அதில பொப்போச்சு எண்ட ப்ளகினைப் போட்டா இந்தமாதிரி கேம் செய்யலாம். நீங்கள் 14 ரூம் முடிச்சிட்டீங்கள், இப்ப மாறாதேங்கோ.

---

அம்மாவும்மவுசும் எழுதியது:

நான் கேம் பண்றவ இல்ல, ஆடறவ. எங்க வீட்ல நான் மவுஸ் புடிப்பேன், அம்மாவும் தங்கச்சியும் பின்னாடி உக்காந்து அத எடு இத எடுன்னு கத்துவாங்க, பினீத் எ ஸ்டீல் ஸ்கை அப்படித்தான் முடிச்சோம், 1994ல வந்தது, 2003லயே இலவசமா விட்டுட்டாங்க, பழைய கேம்கள ஓட்டற ஸ்கம்விஎம் மென்பொருளோட தளத்துலயே கிடைக்குது. மூணு பேரு சேந்து ஆடறப்ப ஒருத்தருக்கு தெரியாதது இன்னொருத்தருக்கு தெரியும். அதனால எனக்கு உங்க பெட்ரோமாக்ஸ் ரொம்ப புடிச்சிருக்கு. தனியா ஆடற பசங்கள வச்சு மட்டும் பாக்காதீங்க, பக்கத்துல ஒரு பெரியவங்கள உக்கார வச்சு பாருங்க. நிழல்வாசல் சார் சொன்ன கடலைக்காரர் சரிதான், ஆனா ரெண்டாவது பதில்லயே எல்லாத்தையும் உடைச்சுடறாரு, அது எனக்கு சம்மதமில்ல, கொஞ்சம் தேடட்டும்.

ஒரு ஆசை சொல்லவா. கதை மன்னார்குடி பக்கம்னா லாவணி, அதான் ரெண்டு கட்சியா பாட்டுலயே வாதாடறது, வைங்களேன். மங்கி ஐலேண்ட்ல கத்திச்சண்டை போடறப்ப அவன் ஒரு திட்டு விடுவான், அதுக்கு பொருத்தமான பதில் திட்டு நமக்கு தெரிஞ்சாத்தான் ஜெயிக்கலாம், ஒவ்வொருத்தன்கிட்டயும் தோத்து தோத்து பதில சேக்கணும். அத தமிழ்ல எப்படி கொண்டு வரதுன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன், நம்மகிட்ட ஏற்கனவே இருக்கே! காமன் பண்டிகைல எரிந்த கட்சி, எரியாத கட்சின்னு ரெண்டு பக்கம் உக்காந்துகிட்டு, மன்மதன் எரிஞ்சானா இல்லையான்னு விடிய விடிய டேப்புங்கற தோல் வாத்தியம் அடிச்சு பாட்டுலயே கேள்வி கேட்டு பாட்டுலயே மடக்குவாங்க. கொட்டாய் வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவரு எரியாத கட்சின்னு வைங்க, அவர மடக்கினாத்தான் உள்ள விடுவாரு. எரிந்த கட்சி வரி எல்லாம் டீக்கடைல, குளத்தங்கரைல, பெரியவங்க பேச்சுல அங்கங்க சிதறி கிடக்கட்டும்.

---

டென்ட்கொட்டாய் எழுதியது:

மூணு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சனி ஞாயிறு ரெண்டு நாளும் இதுலயே போச்சு.

பேஸ்லைன் சரியாயிடுச்சு, ரெண்டு நிமிஷ வேலை. பாமினி வந்துடுச்சு, பையன் தமிழ்ல பேசறத பாத்தப்ப கொஞ்ச நேரம் ஒண்ணுமே பண்ணாம திரையவே பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஜ விஷயம் சொல்லலன்னா செத்திருப்பேன், என் கேம்ல பையன் பேரே ராஜூ.

கடலைக்காரர வரைஞ்சு வச்சுட்டேன். தீப்பெட்டிக்கு பதில் நாலா பிரிச்சேன், கடலைக்காரர் பேரு வர்றத நாலாவதுக்கு தள்ளிட்டேன், ரெண்டு பேரும் சொன்னதுக்கு நடுவுல. அப்புறம் எங்க அம்மாவ உக்கார வச்சேன், அவங்க இதுவரைக்கும் ஒரு கேம் கூட தொட்டதில்ல. விளக்க பாத்ததும் "ஸ்பிரிட் எங்கடா?"ன்னாங்க. கடலைக்காரர் பக்கமே போகல. ஊத்தினாங்க, பத்த வச்சாங்க, எல்லாம் சரி, ஆனா அதுக்கப்புறம் பத்து நிமிஷம் நின்னுட்டாங்க. என்னன்னு பாத்தா பம்ப க்ளிக் பண்ண முடியல. நான் வரைஞ்ச பம்ப் குமிழ் 6 பிக்செல் அகலம், ஹாட்ஸ்பாட்டும், அதாவது க்ளிக் வேலை செய்யற இடமும், அதே அளவு, அம்மா மவுஸ் அத சுத்தி சுத்தி வருது, டேங்க் மேல விழுது, "டேங்க் நிறைஞ்சிருக்கு"ன்னு பையன் சொல்றான். மூணு டெஸ்டரும் அதுவரைக்கும் வரவே இல்லைங்கறதால இது எனக்கு தெரியாமலே இருந்திருக்கு. இப்ப டேங்கோட வலது பாதி முழுக்க பம்ப்னு மாத்திட்டேன். மாத்தினதும் அம்மா அடிச்சாங்க, புஸ்ஸுனு சத்தம் வந்து விளக்கு எரிஞ்சுது, "உங்க தாத்தா விளக்கு சத்தம் இன்னும் கனமா இருக்கும்"னாங்க. அந்த சத்தத்த மறுபடி ரெக்கார்ட் பண்ணணும், ஊர்ல சித்தப்பா வீட்டு பரண்ல ஒண்ணு இருக்கு, மேன்டில் மட்டும் வாங்கணும்.

அக்கா பையன இந்த ஞாயித்துக்கிழமை திரும்ப கூப்பிட்டிருக்கேன். லாவணி யோசனை தூங்க விடல, டிக்கெட் கிழிக்கிறவருக்கு எரியாத கட்சி வரி நாலு எழுதிட்டேன், பதில் வரி ரெண்டுதான் வந்திருக்கு. தஞ்சாவூர் பக்கம் யாருக்காவது வீட்டு பெரியவங்க மூலமா எரிந்த கட்சிக்காரங்க எப்படி மடக்குவாங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க.